ஆறடித் தொட்டியில் யாரோடு யாரைச் சேர்ப்பது?

வாசகர் கேள்வி-பதில்: மீன் தொட்டி

இந்த இதழுக்குச் சிக்லிட் என்னும் மீன் குடும்பம் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறோம். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் தொட்டி கட்டினேன். 'ஆபிரிக்கன் மிக்ஸ்' என்று 25 குஞ்சுகள் வாங்கி விட்டேன். எட்டு மாதத்தில் மிஞ்சியது 9. கறுப்புக் கோடு போட்ட மஞ்சள் மீன் ஒன்று இருந்தது. இப்போது அதன் உடம்பு கறுத்துப் போய், எல்லாவற்றையும் துரத்துகிறது. எதை எடுப்பது, எதைச் சேர்ப்பது?
– கல்லடி வாசகர்

பதில்: உங்கள் தொட்டியில் சண்டியனாக இருப்பது மெலனோகுரோமிஸ் அவுராடஸ் இனத்து ஆண். இந்த இனத்தில் குஞ்சும் பெண்ணும் மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோட்டுடன் இருக்கும். கடையில் முதலில் கண்ணை இழுப்பதும் அதுதான். ஆண் வளர்ந்து கை ஓங்கியதும் மஞ்சள் போய்க் கறுப்பு ஏறும். மற்ற மீன்கள் சாகத் தொடங்கியதும் ஏறக்குறைய அந்த நாட்களில்தான் என்று எண்ணிப் பார்த்தால் தெரியும். முதல் வேலையாக அதை வெளியே எடுங்கள். இன்னும் பெரிய தொட்டி கட்டிக் கொடுத்தாலும் அது இன்னும் பெரிய இடத்தைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும்.

'மிக்ஸ்' என்பது இனத்தின் பெயரல்ல. பெயர் தெரியாத குஞ்சுகளை ஒரே தொட்டியில் போட்டு விற்பதற்குக் கடைக்காரர் வைத்த பெயர். அதற்குள் பெரும்பாலும் ஆபிரிக்காவின் மலாவி ஏரி மீன்கள்தான் இருக்கும். அந்த ஏரியில் மட்டும் பல நூறு சிக்லிட் இனங்கள். வீட்டுத் தொட்டிக்கு வேண்டிய அளவில் அவற்றை மூன்று கூட்டமாகப் பிரிக்கலாம். பாறையை விட்டு நகராமல் அதில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்பவை ம்புனா. மணலிலும் திறந்த நீரிலும் திரிந்து சின்ன உயிரிகளைப் பொறுக்குபவை பீகொக் மீன்களும் ஹாப் என்று சொல்லப்படுபவற்றில் பலவும். மூன்றாவது, நிம்போகுரோமிஸ் போன்ற வேட்டைக்காரர்கள். வாய்க்குள் போகிற அளவுள்ள எதையும் விழுங்கும். நிறத்தைப் பார்த்துத் தெரிவு செய்தால் இந்த மூன்றும் ஒரே தொட்டிக்குள் வந்து சேர்ந்துவிடும்.

ஏரியில் ஓர் ஆண் தன் பாறையைச் சுற்றிக் கொஞ்ச இடத்தைக் காக்கும். தோற்றது இரண்டு பாறை தள்ளி ஓடிவிட்டால் கதை முடிந்தது. தொட்டியில் ஓட இடமில்லை. மூலையில் ஒடுங்கிய மீனைத் திரும்பத் திரும்ப அடிப்பான். காயத்தைவிட அந்தப் பயமே பல மீன்களைக் கொல்லும். சாப்பாட்டுக்கு வெளியே வரத் துணியாமல் மெலிந்து சாகும்.

ஆகவே உங்களுக்கு இரண்டு வழி. இரண்டையும் கலக்காதீர்கள்.

முதல் வழி ம்புனா. 6 அடித் தொட்டிக்கு நாலு இனம் போதும்: மஞ்சள் லேப் என்கிற லேபிடோகுரோமிஸ் செருலியஸ் 10, ரஸ்டி என்கிற அயோடோட்ரோபியஸ் ஸ்ப்ரெங்கரே 8, அசெய் 8, சைனோடிலாபியா 8. முதல் மூன்றும் ம்புனாக்களில் சாதுவானவை. அசெய் பாறையை விட்டு நடுநீரில் கூட்டமாக நீந்துவதால் மேற்பகுதியும் வெறுமையாகத் தெரியாது. சைனோடிலாபியா ஆண் கொஞ்சம் முரடு. அதைக் கடைசியாக விடுங்கள்.

முப்பத்துச் சொச்சம் மீன் கூடுதல் இல்லையா என்று கேட்பீர்கள். கூடுதல்தான், தெரிந்தே செய்வது. துரத்துகிறவனுக்கு முன்னால் ஒரே மீன் நின்றால் அது செத்துவிடும். எட்டு மீன் நின்றால் அடி எட்டாகப் பிரியும். மிக மோசமானது பாதிக் கூட்டம்: ஒரு இனத்தில் இரண்டு ஆண், ஒரு பெண் என்று மூன்றை விடுவதுதான் ஆட்கள் அதிகம் செய்கிற பிழை. ஓர் ஆணுக்குக் குறைந்தது மூன்று பெண் வேண்டும். குஞ்சில் ஆண் பெண் பிரிக்க முடியாது. அதனால்தான் எட்டும் பத்துமாக வாங்கச் சொல்கிறோம். வளர்ந்த பிறகு மிஞ்சும் ஆண்களை எடுத்துவிடலாம்.

ஒரே நிறமும் ஒரே கோடும் உள்ள இரண்டு இனங்களைச் சேர்க்காதீர்கள். ஆண் தன் நிறத்தில் இருப்பவனைத்தான் எதிரியாகப் பார்ப்பான். மஞ்சள் லேப் இருக்கும் தொட்டியில் ரெட் ஸீப்ரா என்கிற எஸ்தரே இனமும் வேண்டாம். இரண்டும் தயங்காமல் கூடிக் கலப்புக் குஞ்சு போடும். அந்தக் குஞ்சுதான் பிறகு இன்னொரு வீட்டுக்கு 'மிக்ஸ்' ஆகப் போகிறது. கெனி என்று விற்கும் லொம்பார்டோய், கிராப்ரோ, உங்கள் அவுராடஸ் மூன்றும் எந்த விலையிலும் வேண்டாம்.

இரண்டாவது வழி பீகொக்கும் ஹாப்பும், ஆண்கள் மட்டும். வெவ்வேறு நிறத்தில் 12 முதல் 15 ஆண்கள்: பீகொக் ஆறேழு, நீல நிறத்துக்கு ஸயனோகுரோமிஸ் பிரையேரி ஒன்று, கொபடிகுரோமிஸ் போர்லேயி ஒன்று, இப்படி. ஒரு நிறத்துக்கு ஒருவன்தான். ஒரு பெண்கூட வரக்கூடாது, வந்த அன்றே ஆண்கள் மோதத் தொடங்கும். பீகொக் பெண்கள் எல்லாம் சாம்பல் நிறத்தில் ஒன்றுபோல இருப்பதால் எது எந்த இனம் என்றும் பிரிக்க முடியாது. இந்த வழியில் செலவு கூட, ஏனென்றால் நிறம் வந்த ஆண்களாகத் தேடி வாங்கவேண்டும். ஆனால் பார்வைக்கு இதற்கு நிகர் இல்லை.

கல் அடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கல் மணலின் மேல் இருக்கக்கூடாது. இந்த மீன்கள் அடியில் மணலைத் தோண்டும். ஒரு நாள் அடுக்குச் சரிந்து கண்ணாடியில் விழும். முதலில் அடிக்கண்ணாடியில் தடித்த பிளாஸ்திக் வலைத்தட்டுப் போட்டு, அதன் மேல் கல்லை நிறுத்தி, பிறகு சுற்றிவர மணல் போடுங்கள். ம்புனாவுக்கு 60 முதல் 80 கிலோ கல் வேண்டும். இரண்டு மூன்று குவியலாகப் பிரித்து, ஒரு குவியலில் இருந்து மற்றது தெரியாதபடி வையுங்கள். பார்வை மறைந்தாலே பாதிச் சண்டை குறையும். பீகொக்குக்குக் கல் குறைவாக, திறந்த மணல் கூடுதலாக.

இருக்கிற மீன்களோடு புதியவற்றைச் சேர்ப்பதானால் அன்று கல்லடுக்கைக் கலைத்து வேறு மாதிரி அடுக்குங்கள், விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள். பழைய ஆட்களுக்கும் எல்லை அழிந்துபோகும். எல்லாரும் புதிதாகத் தொடங்குவார்கள். உங்களிடம் மிஞ்சிய எட்டில் பெயர் தெரியாதவற்றைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவதுதான் எங்கள் யோசனை. மனசுக்குக் கஷ்டம்தான்.

கேள்வி: எங்கள் வீட்டில் மணல் கிணறும் இருக்கிறது, பைப் தண்ணியும் வருகிறது. மலாவி மீனுக்கு எது நல்லது? உப்புப் போடவேண்டும் என்கிறார்களே?
– காத்தான்குடி வாசகர்

பதில்: உப்பு வேண்டாம். மலாவி நன்னீர் ஏரி. அதன் நீர் பி.எச். 7.7 முதல் 8.6, வெப்பம் 23 முதல் 28 பாகை. காபனேற்று வன்மை 6–8 பாகை, பொது வன்மை 4–6 பாகை (இந்தப் பாகை வன்மையின் அளவு, வெப்பம் அல்ல). கல் மாதிரி வன்னீர் தேவை என்பதும் தவறான எண்ணம். தேவைப்படுவது பி.எச். ஆடாமல் நிற்பது, அதைத் தாங்கிப் பிடிப்பது காபனேற்று.

கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் இடைப்பட்ட மணல் திட்டில் கிணற்று நல்ல தண்ணி என்பது கீழே இருக்கும் உப்பு நீரின் மேல் மிதக்கும் ஒரு படைதான். மாரியில் அந்தப் படை தடிக்கும். ஆவணி புரட்டாதியில் மெலியும். மோட்டர் போட்டு அதிகம் இறைத்தால் கீழ் உப்பு மேலே ஏறும். ஆகவே தை மாதம் சோதித்த கணக்கை வைத்துக்கொண்டு புரட்டாதியில் தண்ணி மாற்றாதீர்கள். மலசலகூடக் குழிகள் நெருங்கிய இடங்களில் கிணற்றில் நைத்திரேற்றும் இருக்கும். குடிநீருக்கே லீற்றருக்கு 50 மில்லிகிராம்தான் எல்லை. கிணற்றில் ஏற்கனவே 40 இருந்தால், அந்தத் தண்ணியால் தொட்டியின் நைத்திரேற்றை 40க்குக் கீழ் கொண்டுவர எப்படி முடியும்? ஒருமுறை கிணற்றுத் தண்ணிக்கும் நைத்திரேற்றுச் சோதனை செய்து பாருங்கள்.

கிணற்றில் அள்ளியதும் பி.எச். பார்த்து ஏமாறவும் வேண்டாம். நிலத்தடி நீரில் காபனீரொட்சைட்டுக் கூட, ஒட்சிசன் குறைவு, பி.எச். குறைத்துக் காட்டும். ஒரு பரலில் எடுத்து 24 மணித்தியாலம் காற்றடித்த பிறகு பாருங்கள், அதுதான் உண்மையான எண். இரும்பு உள்ள தண்ணியானால் அந்த ஒரு நாளில் மஞ்சளாகப் படிந்து அடியில் நிற்கும். மேல்நீரை மட்டும் எடுக்கலாம்.

பைப் தண்ணி உன்னிச்சைக் குளத்தில் இருந்து சுத்திகரித்து வருவது, குளோரின் இருக்கும். திறந்த பரலில் ஒரு நாள் காற்றடித்தால் போய்விடும். அவசரமானால் ஹைப்போ என்கிற சோடியம் தயோசல்பேற்றுப் பளிங்கு: 1 மில்லிகிராம் குளோரினுக்குச் சுமார் 7 மில்லிகிராம் போதும். நடைமுறைக் கணக்கில் 100 லீற்றருக்கு 1 கிராம். பளிங்கை முதலில் ஒரு கோப்பைத் தண்ணியில் கரைத்து ஊற்றுங்கள்.

எங்கள் தெரிவு பைப் தண்ணி. ஏனென்றால் மாரிக்கும் கோடைக்கும் கிணறு மாறுகிற அளவுக்கு அது மாறாது. காபனேற்று குறைவாக இருந்தால் அப்பச்சோடா போட்டு உயர்த்தலாம்: 100 லீற்றருக்கு 3 கிராம், ஒரு பாகை ஏறும். புதுத் தண்ணியில் கரைத்தே தொட்டிக்கு ஊற்றுங்கள், தொட்டிக்குள் தூளாகத் தூவாதீர்கள். கழுவிக் காய்ந்த மட்டி ஓடு இரண்டு கிலோவை வலைப்பையில் கட்டிப் பில்டருக்குள் வைத்தாலும் மெல்ல மெல்லக் காபனேற்று கிடைக்கும். முருகைக்கல் தேடிக் கடலுக்குப் போகவேண்டாம், அதை எடுப்பது சட்டப்படி குற்றம். தொட்டிக்குப் போடும் கல் கருங்கல்லானால் தண்ணியை மாற்றாது. சந்தேகமான கல்லில் நாலு துளி வினாகிரி விடுங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு உண்டு. மலாவிக்கு அது நல்லது, டிஸ்கஸ் மீனுக்கு ஆகாது.

கேள்வி: ஒஸ்கார் 2, ஏஞ்சல் 4, பிளட் பரட் 2, பிளவர்ஹோர்ன் 1, டேங்க் கிளீனர் (பாசி உறிஞ்சும் மீன்) 1. ஐந்தடித் தொட்டியில் இப்போது எல்லாம் சின்னது, சமாதானமாக இருக்கின்றன. இப்படியே தொடரலாமா?
– கல்முனை வாசகர்

பதில்: இரண்டு அங்குலத்தில் எல்லாருமே சமாதானம்தான்.

பிளவர்ஹோர்ன் மனிதர் கலந்து உண்டாக்கிய மீன், தனியாக வளர்க்கவேண்டியது. இன்றே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். ஒஸ்கார் ஒரு வருடத்தில் ஓர் அடியை எட்டிப் பிடிக்கும். அதன் வாய்க்கு ஏஞ்சல் சரியான அளவு. விழுங்காவிட்டாலும் செட்டையைப் பிய்க்கும். ஏஞ்சலையும் பிரியுங்கள்.

இரண்டு ஒஸ்கார், இரண்டு பிளட் பரட், இரண்டு செவரம், ஐந்து சில்வர் டொலர் என்றால் ஆறடித் தொட்டியில் நிற்கும். உங்கள் ஐந்தடிக்கு ஒஸ்கார் இரண்டும் பரட் இரண்டுமே எல்லை. ஒஸ்கார் சாப்பாட்டையும் கழிவையும் ஒருசேரத் துப்புகிற மீன், வாரம் பாதித் தண்ணி மாற்றவேண்டி வரும். பெரிய தொட்டியில் ஏஞ்சல்தான் ஆசை என்றால் ஏஞ்சல் 6, மணல் சலிக்கும் ஜியோபேகஸ் 6. தென்னமெரிக்கச் சிக்லிட்டில் இதைவிட அமைதியான சேர்க்கை குறைவு. அடியில் கூர் இல்லாத மெல்லிய மணல் கட்டாயம், ஜியோபேகஸ் மணலை வாயால் அள்ளிச் செவுளால் விடும்.

இவற்றோடு மலாவி மீன் ஒன்றிரண்டு போடலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. தண்ணி வித்தியாசத்தைவிட நடத்தை வித்தியாசம் பெரிது. மத்திய அமெரிக்கப் பயர்மவுத் சிவந்த தொண்டையை ஊதிக் காட்டிப் பயமுறுத்தும். அதன் ஊரில் எதிராளி அந்த அளவோடு விலகிப் போவான். ம்புனாவுக்கு அந்தப் பாஷை தெரியாது, நேரே போய்க் கடிக்கும். சாப்பாடும் ஒத்துவராது. அது ஏன் என்று அடுத்த பதிலில் பாருங்கள்.

கேள்வி: மஞ்சள் மீன்கள் இரண்டு சாப்பிடாமல் மூலையில் நிற்கின்றன. வயிறு ஊதியிருக்கிறது, வெள்ளை நூல்போலக் கழிக்கின்றன. தினமும் இறால் அரைத்துக் கொடுத்தேன், மாட்டு இருதயமும் கொடுத்தேன்.
– சம்மாந்துறை வாசகர்

பதில்: மலாவி புளோட் என்பது இதுதான். பாசி சுரண்டும் மீனுக்குக் குடல் நீளம், சாப்பாடு மெதுவாகப் போகும். கொழுப்பும் இறைச்சியும் அங்கே தங்கி அழுகும். குடலில் எப்போதும் கொஞ்சமாக இருக்கும் ஒற்றைக்கல உயிரிகள் அப்போது பெருகும். மிரட்டப்படுகிற மீன், நைத்திரேற்று ஏறிய தண்ணி இரண்டும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் வரும்.

நோய் மீன் இரண்டையும் 40 லீற்றர் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள், காற்று நன்றாக விடுங்கள். எப்சம் உப்பு 20 லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி. மெற்றோனிடசோல் 250 மில்லிகிராம் குளிசை ஒன்றைத் தூளாக்கி 40 லீற்றருக்குக் கரையுங்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள், பாதித் தண்ணி மாற்றிவிட்டுத் திரும்ப, மொத்தம் மூன்று முறை. மாற்றுகிற தண்ணிக்கு ஏற்ற அளவு எப்சம் உப்பை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பிடுவதை நிறுத்தி ஒரு வாரம் தாண்டிய மீன் பெரும்பாலும் தப்பாது. இன்னும் வாய் வைக்கிற மீன் தப்பும். ஆகவே சாப்பாட்டைத் துப்புகிறதைக் கண்ட அன்றே தொடங்கவேண்டும்.

பெரிய தொட்டியில் மற்ற மீன்களுக்கு மூன்று நாள் பட்டினி, பாதித் தண்ணி மாற்றம். பிறகு ஸ்பிருலினா கலந்த மணி உணவு, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு, நாளைக்கு இரண்டு தரம், வாரத்தில் ஒரு நாள் ஒன்றுமில்லை. அவித்துத் தோல் நீக்கிய பச்சைப் பட்டாணி, வெந்நீரில் வாட்டிய பசளி இலை நல்லது. மஞ்சள் லேப் இறாலைக் கொஞ்சம் தாங்கும், வாரம் ஒருமுறை போதும். மாட்டு இருதயம் எந்தச் சிக்லிட்டுக்கும் வேண்டாம்.

கேள்வி: கச்சான் காற்றுக் காலத்தில் தொட்டித் தண்ணி 32 பாகைக்கு மேல் போகிறது. ஐஸ் போத்தல் மிதக்கவிட்டும் குறையவில்லை. கரண்ட் போனால் மீன் எல்லாம் மேலே வந்து வாயைத் திறக்கின்றன.
– அக்கரைப்பற்று வாசகர்

பதில்: ஐஸ் போத்தலைக் கைவிடுங்கள். உங்கள் தொட்டியில் 600 லீற்றர் என்று வைப்போம். ஒரு லீற்றர் ஐஸ் முழுவதும் உருகித் தொட்டியின் சூட்டுக்கு வந்தாலும் குறைவது கிட்டத்தட்ட 0.2 பாகை. ஆனால் அதே தொட்டியில் இருந்து ஒரு லீற்றர் தண்ணி ஆவியானால் கிட்டத்தட்ட ஒரு முழுப் பாகை குறையும்! ஆகவே மேல் மூடியைத் திறந்து வலை போடுங்கள், மேசை மின்விசிறியைத் தண்ணியின் மேல் சரிவாக அடிக்கவிடுங்கள். 2 முதல் 3 பாகை வரை குறையும். கச்சான் வறண்ட காற்று என்பதால் இந்த வழி அந்தக் காலத்தில்தான் நன்றாக வேலை செய்யும்; மாரியில் ஈரக்காற்றில் இவ்வளவு பலிக்காது, அப்போது தேவையும் இல்லை. ஆவியாவது தண்ணி மட்டும், உப்புகள் தொட்டியிலேயே நிற்கும். குறைந்ததை நிரப்பிக்கொண்டே போனால் வன்மை ஏறும். வாராந்தத் தண்ணி மாற்றத்தைத் தவறவிடாதீர்கள். மேற்கு வெயில் படும் சுவரில் தொட்டி இருந்தால் பின்கண்ணாடிக்கும் சுவருக்கும் இடையே ரெஜிபோம் தகடு செருகுங்கள்.

வாயைத் திறப்பது ஒட்சிசனுக்காக. 25 பாகைத் தண்ணி லீற்றருக்கு 8.3 மில்லிகிராம் வரை பிடிக்கும், 32 பாகையில் 7.3தான். மீனோ சூட்டில் கூடுதலாகக் கேட்கும். இதோடு பம்பும் நின்றால் முப்பது மீன் உள்ள தொட்டி நெடுநேரம் தாங்காது. 12 வோல்ட், 7 அம்பியர்-மணி பற்றரி ஒன்றும் 5 வாட் நேர்மின் காற்றுப் பம்பும் வையுங்கள். பற்றரியைப் பாதிக்குமேல் இறக்காமல் 8 மணித்தியாலம் ஓடும். கரண்ட் போன நேரத்தில் சாப்பாடு போடாதீர்கள். மூடிய கனிஸ்டர் பில்டர் பல மணித்தியாலம் நின்றிருந்தால் அப்படியே போடவேண்டாம். உள்ளே பக்ரீரியா செத்து அழுகிய தண்ணி முழுவதும் தொட்டிக்குள் வரும். திறந்து, பழைய தண்ணியை ஊற்றி, தொட்டித் தண்ணியில் அலசிவிட்டுப் பூட்டுங்கள்.

கேள்வி: ஆறடித் தொட்டிக்குக் கீழே வைக்கும் சம்ப் பில்டர் (வடிகட்டித் தொட்டி) கட்டப்போகிறேன். அளவு என்ன?
– ஆரையம்பதி வாசகர்

பதில்: மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல் ஐந்து முதல் எட்டு மடங்கு தண்ணி சுற்றவேண்டும். 600 லீற்றருக்கு 3000 முதல் 4800 லீற்றர். பம்பின் பெட்டியில் போட்டிருக்கும் எண் உயரம் இல்லாத அளவு; ஐந்தடி மேலே ஏற்றும்போது பாதியாகக்கூடக் குறையும். ஆகவே 6000 அல்லது 7000 என்று போட்டதை வாங்குங்கள்.

சம்ப் 4 அடி நீளம், 15 அங்குல அகலம், 15 அங்குல உயரம் என்றால் சுமார் 175 லீற்றர். அதில் மூன்றிலொரு பங்கு எப்போதும் வெறுமையாக இருக்கவேண்டும். கரண்ட் போனதும் மேல்தொட்டியில் இருந்து கொஞ்சத் தண்ணி கீழே இறங்கும். இடமில்லாவிட்டால் விறாந்தையில் நிற்கும். திரும்பும் குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே 5 மில்லிமீற்றர் துளை ஒன்று போடுங்கள். மட்டம் துளைக்கு இறங்கியதும் காற்றுப் புகுந்து சைபன் (தண்ணி தானாகக் கீழே இழுபடுவது) அறும். மாதம் ஒருமுறை அந்தத் துளையைப் பாசி அடைக்காமல் குத்திவிடவேண்டும். பூட்டி முடித்ததும் வேண்டுமென்றே சுவிட்சை நிறுத்தி ஒத்திகை பாருங்கள்.

தண்ணி ஓடத் தொடங்கியதும் மீனை விடாதீர்கள். மீன் கழிவில் உண்டாகும் நஞ்சுகளான அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியம் காட்ட 4 முதல் 6 வாரம் எடுக்கும். பழைய தொட்டியின் பஞ்சு கொஞ்சம் கிடைத்தால் நாட்கள் குறையும். மலாவித் தொட்டியில் இதைக் கூடக் கவனிக்கவேண்டிய காரணம் பி.எச். அதே அளவு அமோனியாவில் நச்சு வடிவம் பி.எச். 7இல் 0.7 சதவீதம், 8.4இல் 28 பாகைச் சூட்டில் 15 சதவீதம். தங்கமீன் தாங்கிய அளவில் சிக்லிட் சாவது இதனால்தான்.

கேள்வி: மாடி அறையில் ஆறடித் தொட்டி வைக்கலாமா?
– அம்பாறை வாசகர்

பதில்: தண்ணி மட்டும் 600 கிலோவுக்கு மேல். 12 மில்லிமீற்றர் கண்ணாடி 120 கிலோ, கல்லும் மணலும் 120, நிலைச்சட்டம் வேறு. சம்ப் தண்ணியையும் சேர்த்தால் ஒரு தொன்னைத் தாண்டும். அறை நடுவில் வைக்கவே கூடாது. கீழே சுவரோ வளையோ உள்ள இடத்தில், வளைக்குக் குறுக்காக, வீடு கட்டிய மேசன் அல்லது பொறியியலாளரிடம் கேட்டுவிட்டு வையுங்கள். நிலச் சீமெந்தில் வைப்பதற்குத் தயக்கம் வேண்டாம். சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே அரை அங்குல ரெஜிபோம் கட்டாயம்.

கேள்வி: ஒரு மீன் வாய் வீங்கி இரண்டு வாரமாகச் சாப்பிடவில்லை. நோயா?
– திருக்கோவில் வாசகர்

பதில்: தாடை தொங்கி, வாயை அடிக்கடி அசைத்துக்கொண்டு, மற்றபடி சுறுசுறுப்பாக இருந்தால் அது நோயல்ல, வாய்க்குள் முட்டை. மலாவி மீன்களில் தாய்தான் அடைகாக்கும், மூன்று வாரம் அளவில். கல்லுக்குள் ஒளிய இடம் இருந்தால் விட்டுவிடுங்கள். குஞ்சு வேண்டுமென்றால் 16 முதல் 18ஆம் நாளில் தாயை 40 லீற்றர் தொட்டிக்கு மாற்றுங்கள், தானாகத் துப்பும். பிறகு ஒரு வாரம் அங்கேயே வைத்துத் தேற்றிவிட்டுத் திருப்புங்கள். மெலிந்த தாயை உடனே விட்டால் ஆண் விடமாட்டான்.

கேள்வி: வாவியில் வலையில் பட்ட சின்ன மீன்கள், உடம்பில் முத்து முத்தாகப் புள்ளி உள்ளவை நாலு, மஞ்சளாக வட்டமானவை மூன்று கொண்டுவந்து மலாவித் தொட்டியில் விட்டேன். ஐந்து நாளில் எல்லாம் போய்விட்டன. இவையும் சிக்லிட்தான் என்றார்களே?
– ஏறாவூர் வாசகர்

பதில்: சொன்னது சரி. முத்துப்புள்ளி உள்ளது பச்சைக் குரோமைட், மஞ்சள் செம்மஞ்சள் குரோமைட். இரண்டும் நம் இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் உரிய சிக்லிட்கள். குளத்துத் திலாப்பியாவும் சிக்லிட்தான், ஆனால் அது வந்தேறி. 1952இல் கொண்டுவந்து விட்டது.

செத்ததற்கு மூன்று காரணங்கள் சேர்ந்திருக்கும். வலையில் செதிள் உரிந்த மீனுக்கு இரண்டு நாளில் பங்கசு பிடிக்கும். வாவி நீர் உவர், உங்கள் தொட்டி நன்னீர். இந்த மீன்கள் இரண்டிலும் வாழும், ஆனால் ஒரே நாளில் மாற்றினால் தாங்காது. மூன்றாவது, ம்புனாவின் அடி. மலாவித் தொட்டி இவற்றுக்கு இடமே இல்லை.

தனித் தொட்டி கட்டினால் இதைப்போல நம் இடத்துக்குப் பொருந்துகிற சேர்க்கை வேறு இல்லை என்பது எங்கள் எண்ணம். வெளிநாட்டு மீனுக்குக் கொடுக்கிற மரியாதையில் பாதிகூட இவற்றுக்கு யாரும் கொடுப்பதில்லை. ஆறடித் தொட்டிக்குப் பச்சை 6, செம்மஞ்சள் 8. பச்சை 20 சென்ரிமீற்றரைத் தாண்டும், கூட்டமாக இருந்தால்தான் பயம் தெளியும். செம்மஞ்சள் 8 சென்ரிமீற்றரோடு நிற்கும். வாவியிலும் இவை கூடித்தான் வாழ்கின்றன: செம்மஞ்சள் மீன் பச்சையின் உடம்பில் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணியைக் கொத்தித் துப்புரவாக்கும். பச்சை முட்டையிட்டால் அந்த உறவு கொஞ்ச நாளைக்கு முறியும், ஏனென்றால் முட்டையையும் குஞ்சையும் திருடுவதும் இதே செம்மஞ்சள்தான். முட்டையிட்ட சோடியை நடுவில் கண்ணாடித் தடுப்புப் போட்டுப் பிரியுங்கள். தாயும் தகப்பனும் சேர்ந்து காவல் இருக்கும். குஞ்சுகள் பெற்றோரின் உடம்பில் ஊறும் சளியைக் கொத்தித் தின்னும். அதைக் காயம் என்று நினைத்துக் குஞ்சைப் பிரித்துவிடாதீர்கள்.

தண்ணிக்கு ஒரு பங்கு கடல்நீர், நாலு பங்கு நன்னீர். லீற்றருக்கு 7 கிராம் உப்பு வரும், அடர்த்திமானியில் 1.005 அளவு. கடல்நீரை மழை இல்லாத நாளில், முகத்துவாரத்துக்குத் தூரமாக அள்ளி, மூடிய பரலில் இருட்டில் ஒரு வாரம் படியவிட்டு மேல்நீரை எடுங்கள். மீனைப் பிடித்த இடத்துத் தண்ணியையும் அளந்துகொள்ளுங்கள். முகத்துவாரம் வெட்டிய மாரியில் ஓர் அளவு, கோடையில் வேறு அளவு. அந்த அளவில் இருந்து தொட்டியின் அளவுக்கு ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவாருங்கள். வலையில் பட்டதை விட்டு, கரப்பு வைத்து அல்லது கைவலையால் அள்ளிய விரலளவுக் குஞ்சாக எடுங்கள். செடி நட்டால் பச்சை தின்றுவிடும். அதைக் குறையாக எழுதவேண்டாம், அதன் சாப்பாடே அதுதான்.

அவுராடஸோ, பிளவர்ஹோர்னோ, ஓர் அடி வளர்ந்த டேங்க் கிளீனரோ தொட்டியை விட்டுப் போகவேண்டி வந்தால் கடைக்கோ இன்னொரு வளர்ப்பவருக்கோ கொடுங்கள். வாவியிலும் குளத்திலும் விடாதீர்கள். பச்சைக் குரோமைட் முட்டையிடும் கரை ஓரத்தில்தான் அவையும் போய் நிற்கும்.